யார் இந்த பேப் ரூத்? ஒரே ஒரு விற்பனை... 86 வருட 'சாபம்'... இரண்டு நகரங்களின் தீராத பகை!

2008 ஏப்ரல் மாதம். நியூயார்க்கில் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காகப் புது ஸ்டேடியம் கட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திடீரென ஓரிடத்தில், போட்டு முடித்த கான்கிரீட் தரையை டிரில் வைத்து உடைக்கத் தொடங்கினார்கள். விரிசலும் இல்லை, குழாய் உடைப்பும் இல்லை. உள்ளே புதைந்திருந்த ஒரு ஜெர்சியை வெளியே எடுக்கத்தான் இத்தனை பாடு!

பரம எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் நட்சத்திரம் டேவிட் ஓர்டிஸ் பெயர் போட்ட ஜெர்சி அது. கட்டுமான வேலைக்கு வந்த ரெட் சாக்ஸ் ரசிகர் ஒருவர், யாங்கீஸ் அணி உருப்படவே கூடாது என்று சிமென்ட் கலவைக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார். கிட்டத்தட்ட சூனியம் வைத்த மாதிரி. விஷயம் கசிந்ததும் நிர்வாகம் தரையை உடைத்து அதை எடுத்தது. அந்தக் கிழிந்த ஜெர்சி பிறகு ஏலத்தில் 1,75,000 டாலருக்கு மேல் போய், அந்தப் பணம் புற்றுநோய் சிகிச்சை நிதிக்குச் சேர்ந்தது.

விளையாட்டில் போட்டி இருக்கும், சரி. ஆனா சாபம், சூனியம் வரைக்கும் போகுமா? போனது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் ஒரே ஒரு மனிதர்: பேப் ரூத். பாஸ்டன் வளர்த்துவிட்டு விற்ற வீரர். நியூயார்க் வாங்கி ராஜாவாக்கிய வீரர். அவருடைய கதை இதோ.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

பேஸ்பால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு விஷயம் போதும். பந்து வீசுபவர் 'பிட்சர்'. பேட்டர் அடிக்கும் பந்து மைதானத்தைத் தாண்டிப் பறந்தால் 'ஹோம் ரன்'. நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, ஆனால் அதைவிட அரிது. பொதுவாகப் பந்து வீசுபவர்கள் நன்றாக பேட் பிடிக்க மாட்டார்கள். இரண்டிலும் கில்லியாக இருந்தவர்தான் ரூத்.

அமெரிக்காவில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு பெரிய லீக்குகள். இரண்டின் சாம்பியன்களும் கடைசியில் மோதும் இறுதித் தொடர்தான் 'வேர்ல்டு சீரிஸ்'. ரெட் சாக்ஸ், யாங்கீஸ் இரண்டுமே அமெரிக்கன் லீக் அணிகள். அதனால் ஒவ்வொரு சீசனிலும் திரும்பத் திரும்ப ஒருவரை ஒருவர் சந்தித்தே ஆக வேண்டும்.

ரூத் வருவதற்கு முன்பே உரசல் உண்டு. 1904 சீசனின் கடைசி நாளில் இரண்டு அணிகளும் நியூயார்க்கிலேயே மோதின. அந்த வருடம் 41 வெற்றிகளைக் குவித்திருந்த நியூயார்க் பிட்சர் ஜாக் செஸ்ப்ரோ, ஒரே ஒரு பந்தைத் தாறுமாறாக வீச, லீக் பட்டம் பாஸ்டனுக்குப் போனது. ஆனால் அப்போது ஓங்கியிருந்தது பாஸ்டனின் கைதான். 1903-ல் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸையே வென்ற அணி அது. நியூயார்க் அணியோ ஒரு பட்டம்கூட இல்லாத சாதாரண அணி.

7 வயதில் சீர்திருத்தப் பள்ளி

1895 பிப்ரவரி 6. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். அப்பா மதுக்கடை நடத்தியவர். வீட்டில் பிறந்த எட்டுக் குழந்தைகளில் பிழைத்தது ஜார்ஜும் ஒரு தங்கையும் மட்டும்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்பாவுக்குக் கடையை விட்டு நகர நேரமில்லை. துறைமுகப் பக்கத் தெருக்களில் சுற்றித் திரிந்த பையனைக் கட்டுப்படுத்த ஆளில்லை.

1902-ல், 7 வயதில், செயின்ட் மேரீஸ் என்ற பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய அந்த இடம் பாதி அனாதை இல்லம், பாதி சீர்திருத்தப் பள்ளி. இடையிடையே வீட்டுக்குப் போய் வந்தாலும், அடுத்த 12 வருடத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. சட்டை தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டான் சிறுவன் ஜார்ஜ்.

அங்கேதான் பிரதர் மத்தியாஸ் என்ற துறவியைச் சந்தித்தான். ஆறடிக்கு மேல் உயரம், வாட்டசாட்டமான உருவம். பையனுக்கு பேட் பிடிக்கவும் பந்து பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தது அவர்தான். இடது கைக்காரனுக்கு ஏற்ற கையுறைகூட அங்கே கிடையாது. இருந்ததை வைத்தே ஆடினான். கடைசி வரை ரூத் அப்பாவின் இடத்தில் வைத்துப் பேசியது இந்த மத்தியாஸைத்தான்.

'பேப்' என்ற பெயர் எப்படி வந்தது?

1914-ன் தொடக்கத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற சின்ன லீக் அணியின் உரிமையாளர் ஜாக் டன், 19 வயது ரூத்தை 600 டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். பள்ளியிலிருந்து வெளியே அழைத்து வர அவரே சட்டப்படி காப்பாளராகவும் கையெழுத்திட்டார். டன்னின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை என்று மற்ற வீரர்கள் கிண்டலாக வைத்த பெயர்தான் 'பேப்'. கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

ஆனால் சில மாதங்கள்தான். போட்டி லீக் ஒன்று அதே ஊரில் புது அணியை இறக்க, ஓரியோல்ஸ் ஆட்டங்களுக்குக் கூட்டம் வரவில்லை. கையில் காசில்லாத டன், நல்ல வீரர்களை ஒவ்வொருவராக விற்கத் தொடங்கினார். அப்படி 1914 ஜூலையில் ரூத் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குப் போனார். முதலாளியின் பணக் கஷ்டத்துக்காக அவர் விற்கப்பட்டது இது முதல் முறை. கடைசி முறை அல்ல!

பாஸ்டனின் செல்லப்பிள்ளை

பாஸ்டனில் ரூத் முதலில் பிட்சர். அதுவும் சாதாரண பிட்சர் இல்லை. 1915-ல் 18 வெற்றி, 1916-ல் 23, 1917-ல் 24. 1916 வேர்ல்டு சீரிஸில் 14 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தை ஒரே ஆளாக வீசி முடித்து ஜெயித்துக் கொடுத்தார். 1916, 1918 வேர்ல்டு சீரிஸ்களைச் சேர்த்து, தொடர்ந்து 29 இன்னிங்ஸுக்கும் மேல் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. அந்தச் சாதனை உடைய 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் அங்கே இருந்த காலத்தில் 1915, 1916, 1918 என மூன்று முறை ரெட் சாக்ஸ் சாம்பியன். மொத்தமாகப் பார்த்தால் அதுவரை நடந்த வேர்ல்டு சீரிஸ்களில் ஐந்தை வென்ற அணி.

இன்னொரு சுவாரசியம். ரூத் தன் வாழ்க்கையின் முதல் ஹோம் ரன்னை அடித்தது 1915 மே 6-ம் தேதி, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், யாங்கீஸ் அணிக்கு எதிராக!

பிட்சர் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் களமிறங்குவார். இவ்வளவு நன்றாக பேட் பிடிக்கும் ஆளை மற்ற நாட்களில் உட்கார வைப்பதா என்ற கேள்வி வந்தது. 1918-ல் மேனேஜர் எட் பாரோ அவரை மற்ற நாட்களிலும் களமிறக்க ஆரம்பித்தார். 1919-ல் 29 ஹோம் ரன்! அதற்கு முன் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதி பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் 'பேப் ரூத் தினம்' கொண்டாடினார்கள். அன்றைக்கும் ஒரு ஹோம் ரன் அடித்து, 1884-லிருந்து இருந்த 27 என்ற பழைய சாதனையைச் சமன் செய்தார். மைதானமே கொண்டாடியது. அடுத்த மூன்று மாதத்தில் அவரை விற்றுவிடுவார்கள் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

விற்பனை: என்னதான் நடந்தது?

ரெட் சாக்ஸின் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி. தொழில், நாடகத் தயாரிப்பு. 1916-ன் இறுதியில் கடன் வைத்து அணியை வாங்கியவர். அந்தக் கடன் முழுசாக அடையவில்லை. 1919-ல் அணியும் ஆறாவது இடத்துக்குச் சரிந்திருந்தது.

மறுபக்கம் ரூத்தும் சும்மா இல்லை. ஆண்டுக்கு 10,000 டாலர் என்று மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்ட ஒரே வருடத்தில், 20,000 வேண்டும் என்று கேட்டார். சொன்ன நேரத்துக்கு வர மாட்டார். இரவில் ஊர் சுற்றுவார். சீசனின் கடைசி ஆட்டத்தை விட்டுவிட்டு, வெளியே காட்சி ஆட்டம் ஆடக் கிளம்பிவிட்டார். முதலாளியின் பொறுமை போனது.

அப்போது லீக் தலைவர் பான் ஜான்சனுக்கும் ஃப்ரேஸிக்கும் கடும் மோதல். எட்டு அணிகளில் ஐந்து, ஜான்சன் பக்கம். பாஸ்டன், நியூயார்க், சிகாகோ மூன்று மட்டும் எதிர்ப் பக்கம். ஆக, பெரிய பேரம் பேச வேண்டுமென்றால் ஃப்ரேஸிக்கு இருந்தது இரண்டே கதவு. அதில் ஒன்று யாங்கீஸ். அதன் உரிமையாளர்களில் ஒருவரான ஜேக்கப் ரூப்பர்ட், பீர் ஆலைகளால் பெரும் பணக்காரர் ஆனவர்.

1919 டிசம்பர் 26-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை 1,00,000 டாலர். 25,000 கையில், மீதி மூன்று தவணை, 6 சதவீத வட்டியோடு. அதுவரை ஒரு பேஸ்பால் வீரருக்கு யாரும் கொடுத்திராத தொகை. இது மட்டுமில்லை. ஃப்ரேஸிக்கு சுமார் 3,00,000 டாலர் கடன் கொடுக்கவும் ரூப்பர்ட் சம்மதித்தார். அடமானம்? பாஸ்டன் ரசிகர்கள் கோயில் மாதிரி நினைக்கும் ஃபென்வே பார்க்! அதாவது, ரெட் சாக்ஸின் சொந்த மைதானம் எதிரணி முதலாளியிடம் அடகுக்குப் போனது.

1920 ஜனவரி 5-ல் செய்தி வெளியானது. இதில் கவனிக்க வேண்டியது, ரூத்திடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வீரரின் உரிமை முழுக்க அணி முதலாளியிடம்தான் இருக்கும் என்பது அன்றைய விதி. ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த முதலாளி விட்டால்தான் வேறு அணிக்குப் போக முடியும். விற்பனைத் தொகையில் தனக்கும் பங்கு வேண்டும் என்று ரூத் கேட்டுப் பார்த்தார். ஃப்ரேஸி தரவில்லை.

நாடகத்துக்காக விற்றாரா?

'நோ, நோ, நானெட்' என்ற இசை நாடகத்துக்குப் பணம் புரட்டத்தான் ஃப்ரேஸி ரூத்தை விற்றார் என்று பாஸ்டனில் பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, அந்த நாடகம் பிராட்வேக்கு வந்தது 1925-ல், விற்பனை முடிந்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதற்கு மூலமான 'மை லேடி ஃபிரெண்ட்ஸ்' என்ற இசையில்லாத நாடகம் அரங்கேறியது 1919 டிசம்பரில். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதில் பிறந்த கதையாகத்தான் இது தெரிகிறது.

ஒன்று மட்டும் உண்மை. ஃப்ரேஸி ரூத்தோடு நிறுத்தவில்லை. வெய்ட் ஹாய்ட், ஜோ புஷ், சாம் ஜோன்ஸ், எவரெட் ஸ்காட், ஹெர்ப் பென்னாக் என்று நல்ல நல்ல வீரர்கள் வரிசையாக நியூயார்க்குக்குப் போனார்கள். மேனேஜராக இருந்த எட் பாரோவும் 1920-ன் இறுதியில் யாங்கீஸ் நிர்வாகத்துக்கே போய்ச் சேர்ந்தார். அதாவது பாஸ்டனின் சாம்பியன் அணி, கொஞ்சம் கொஞ்சமாக நியூயார்க்கில் இறக்கி வைக்கப்பட்டது.

நியூயார்க்கில் நடந்த அதிசயம்

1920-ல் ரூத் அடித்த ஹோம் ரன் 54. அந்த வருடம் மொத்த ரெட் சாக்ஸ் அணியும் சேர்ந்து அடித்தது 22! அமெரிக்கன் லீக்கில் வேறு எந்த அணியும், எல்லா வீரர்களையும் கூட்டினாலும், 54-ஐத் தொடவில்லை. அடுத்த வருடம் 59.

கூட்டம் அலைமோதியது. 1920-ல் யாங்கீஸ் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். ஒரே சீசனில் 10 லட்சத்தைத் தாண்டிய முதல் அணி அதுதான். அப்போது யாங்கீஸுக்குச் சொந்த மைதானம் கிடையாது. ஜயன்ட்ஸ் அணியின் போலோ கிரவுண்ட்ஸில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகைக்காரருக்கு வீட்டுக்காரரைவிட அதிகக் கூட்டம் வந்தால் என்ன ஆகும்? காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

யாங்கீஸ், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிராங்ஸ் பகுதியில் பிரம்மாண்டமாக யாங்கி ஸ்டேடியம் கட்டியது. திறப்பு விழா ஆட்டம் 1923 ஏப்ரல் 18. எதிரணி? வேறு யார், பாஸ்டன் ரெட் சாக்ஸ். அந்த மைதானத்தின் முதல் ஹோம் ரன்னை அடித்தவர்? ரூத்! யாங்கீஸ் 4-1 என ஜெயித்தது. ரூத் கட்டிய வீடு என்றே அந்த ஸ்டேடியத்துக்குப் பெயர் வந்தது. அதே ஆண்டு யாங்கீஸ் முதல்முறையாக வேர்ல்டு சீரிஸ் வென்றது.

பாஸ்டன்? 1922 முதல் 1932 வரை 11 சீசன்களில் 9 முறை கடைசி இடம். ஜெயித்தே பழகிய ரசிகர்கள், தங்கள் ஊரில் வளர்ந்த பையன் எதிரணிச் சட்டையில் வந்து அடிப்பதைத் தங்கள் மைதானத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். வெறும் போட்டி, பகையாக மாறியது இந்த இடத்தில்தான்.

வெளிச்சமும் இருட்டும்

ரூத்தின் வாழ்க்கை எல்லாமே அளவு மீறியது. சாப்பாடு, குடி, செலவு, ஊர் சுற்றல் எதற்கும் கட்டுப்பாடு இல்லை. 1925-ல் வயிற்றுப் பிரச்னையால் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. அதே சீசனில் ஒழுங்கீனத்துக்காக மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் அவரை இடைநீக்கம் செய்து 5,000 டாலர் அபராதம் போட்டார். ரூத் முதலாளியிடம் முறையிட்டுப் பார்த்தார். ரூப்பர்ட், ஹக்கின்ஸ் பக்கமே நின்றார்.

மீண்டு வந்தார். 1927-ல் 60 ஹோம் ரன். லூ கெரிக்கோடு சேர்ந்து அவர் ஆடிய அந்த யாங்கீஸ் அணியை, பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த அணி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். 1930-ல் ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர். அமெரிக்க அதிபரின் சம்பளம் அப்போது 75,000!

சொந்த வாழ்க்கையில் அடியும் விழுந்தது. பாஸ்டனுக்குப் போன புதிதில் மணந்த மனைவி ஹெலன், அவரைப் பிரிந்து வாழ்ந்துவந்த நிலையில் 1929 ஜனவரியில் வீட்டுத் தீ விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் கிளேர் ஹாட்ஜ்சனை ரூத் மணந்தார். பிந்தைய ஆண்டுகளில் அவர் வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் கிளேர்தான்.

தன் பிறந்த தேதியே தவறு என்பதும் அவருக்கு ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்தது. 1934-ல் ஜப்பான் சுற்றுப்பயணத்துக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால், இத்தனை காலம் நினைத்ததைவிட ஒரு வயது குறைவு!

எதிரி மைதானத்தில் கைதட்டல்

1933 சீசனின் கடைசி நாள். ரசிகர்களை ஈர்க்க, 38 வயது ரூத்தைப் பல வருடம் கழித்துப் பந்து வீச வைத்தார்கள். எதிரணி பாஸ்டன்தான். முழு ஆட்டத்தையும் வீசி, ஒரு ஹோம் ரன்னும் அடித்து, 6-5 என ஜெயித்துக் கொடுத்தார். பாஸ்டன் கற்றுக்கொடுத்த வித்தையைப் பாஸ்டனிடமே கடைசியாகக் காட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம், 1934 ஆகஸ்ட் 12. யாங்கீஸ் வீரராக ரூத் ஃபென்வே பார்க்குக்கு வரும் கடைசி முறை இதுவாகத்தான் இருக்கும் என்று ஊரே பேசியது. 46,000-க்கும் அதிகமானோர் மைதானத்தை நிறைத்தார்கள். உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். ஆட்டத்தின் நடுவே ரூத் வெளியேறியபோது பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் அணிந்திருந்தது எதிரணிச் சட்டை. ஆனா அவர்களைப் பொறுத்தவரை அவர் நம்ம பையன்தான். கோபம் எல்லாம் விற்றவர் மேல்.

மறுபடியும் பாஸ்டன்... மறுபடியும் ஏமாற்றம்

ரூத்துக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது: ஓர் அணிக்கு மேனேஜராக வேண்டும். யாங்கீஸ் கொடுக்க முன்வந்தது தங்கள் கீழ்நிலை அணியான நியூவார்க்கின் பொறுப்பு மட்டும். ரூத் மறுத்துவிட்டார்.

1935-ல் பாஸ்டனின் இன்னொரு அணியான பிரேவ்ஸ் அவரை அழைத்தது. துணைத் தலைவர், துணை மேனேஜர் என்று பெரிய பெரிய பதவிப் பெயர்கள். பின்னால் மேனேஜர் ஆகலாம் என்ற நம்பிக்கையும் காட்டினார்கள். உண்மையில் நஷ்டத்தில் ஓடிய அந்த அணிக்குத் தேவைப்பட்டது டிக்கெட் விற்கும் ஒரு பெயர். முதல் ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார். ஆனால் 40 வயது உடம்பு ஒத்துழைக்கவில்லை. மே 25-ல் பிட்ஸ்பர்க்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன். அந்த மூன்றாவதுதான் கடைசி, 714-வது. சில நாட்களில் விலகிவிட்டார். அந்த சீசனில் பிரேவ்ஸ் தோற்ற ஆட்டங்கள் 115!

1936-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் ஐந்து பேரில் ரூத்தும் ஒருவர். 1938-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் கொஞ்ச நாள் பயிற்சியாளர். அவ்வளவுதான். மேனேஜர் பதவி கடைசி வரை எந்த அணியும் தரவில்லை. தொலைபேசி மணி அடிக்குமா என்று காத்திருந்த ஆண்டுகளாகவே அவை கழிந்தன.

1946-ல் தொண்டைப் பகுதியில் புற்றுநோய். 1948 ஜூன் 13-ல் யாங்கி ஸ்டேடியத்தின் 25-வது ஆண்டு விழாவுக்கு, மெலிந்துபோன உடம்போடு, பழைய 3-ம் எண் சட்டை போட்டு வந்தார். கைத்தடிக்குப் பதில் ஒரு பேட்டை ஊன்றி நின்றார். அன்று பின்னாலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படம் புலிட்சர் பரிசு வென்றது. ஆகஸ்ட் 16-ல் காலமானார். வயது 53. உடல் யாங்கி ஸ்டேடியத்தில் வைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போ, சாபம் எப்போ வந்தது?

ரூத் யாருக்கும் சாபம் விடவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அப்படி ஒரு பேச்சே பெரிதாக இல்லை.

ஆனால் தோல்விகள் வினோதமாக அமைந்தன. 1918-க்குப் பிறகு ரெட் சாக்ஸ் வேர்ல்டு சீரிஸுக்குப் போனது 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை. நான்கிலும் கடைசி, ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 1986-ல் கோப்பைக்கு ஒரே ஒரு பந்து தூரத்தில் நின்றார்கள். பிறகு பில் பக்னர் என்ற வீரரின் கால்களுக்கு இடையே பந்து உருண்டு போக, ஆறாவது ஆட்டம் கைவிட்டுப் போனது. அவர் தவறு செய்வதற்கு முன்பே ஸ்கோர் சமமாகியிருந்தது. அடுத்து ஏழாவது ஆட்டமும் இருந்தது. ஆனா பழி முழுக்க அவர் தலையில். 2008-ல் ஃபென்வே பார்க்குக்கு அவரை அழைத்து, ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டிய பிறகுதான் அந்தப் பாரம் இறங்கியது.

ரூத்துக்கு 'பாம்பினோ' என்றும் பட்டப்பெயர் உண்டு. இத்தாலிய மொழியில் குழந்தை என்று அர்த்தம். 1990-ல் பாஸ்டன் பத்திரிகையாளர் டான் ஷாக்னஸி, பாம்பினோவின் சாபம் என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுத, பெயர் பிரபலமாகிவிட்டது. நியூயார்க் ரசிகர்கள் 1918 என்ற வருடத்தையே கோஷமாகக் கத்தி வெறுப்பேற்றினார்கள்.

பாஸ்டன் ரசிகர்களும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ரூத் குடியிருந்த சட்பரி ஊரின் குளத்தில் அவருடைய பியானோ கிடக்கிறது, அதை மீட்டால் சாபம் விலகும் என்று 2002-ல் நீச்சல் வீரர்கள் இறங்கித் தேடினார்கள். நெடுஞ்சாலையில் 'ரிவர்ஸ் கர்வ்' என்று இருந்த வளைவு எச்சரிக்கைப் பலகையை யாரோ 'ரிவர்ஸ் தி கர்ஸ்' என்று மாற்றி எழுதி வைத்தார்கள்.

உண்மையான காரணம் என்ன?

சாபம் என்று சொல்லிவிட்டால் நிர்வாகத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் இல்லையா? முதல் காரணம், நல்ல வீரர்களை வரிசையாக விற்றது. இரண்டாவது, அதைவிடக் கசப்பானது: நிறவெறி. 1945-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் ஃபென்வே பார்க்குக்கு வந்து ஆடிக் காட்டினார். ரெட் சாக்ஸ் எடுக்கவில்லை. அவர் 1947-ல் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி வரலாறு படைத்தார். எல்லா அணிகளும் கறுப்பின வீரர்களைச் சேர்த்து முடித்த பிறகு, கடைசியாக 1959-ல்தான் ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது. திறமைசாலிகளை இப்படித் தள்ளிவைத்த அணி தோற்றதற்கு, செத்துப்போன ரூத் எப்படிப் பொறுப்பாவார்?

86 வருடத்துக்குப் பிறகு...

2003 அக்டோபரில், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். 11-வது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன் பாஸ்டனை வெளியேற்றியது. மறுபடியும் சாபம் என்றார்கள்.

2004-ல் அதே கட்டம், அதே இரண்டு அணிகள். யாங்கீஸ் 3-0 என முன்னிலை. ஓர் ஆட்டம் தோற்றால் பாஸ்டன் கதை முடிந்தது. நான்காவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு, 12-வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன்னால் ஜெயித்தார்கள். அடுத்த மூன்றையும் ஜெயித்தார்கள். மேஜர் லீக் பேஸ்பாலில் 3-0 பின்னடைவிலிருந்து தொடரை வென்ற ஒரே அணி இன்றுவரை அதுதான். கடைசி ஆட்டம் நடந்த இடம், ரூத் கட்டிய அதே வீடு. பிறகு வேர்ல்டு சீரிஸில் செயின்ட் லூயிஸ் அணியை 4-0 என வீழ்த்தி, 2004 அக்டோபர் 27-ல் 86 ஆண்டு காத்திருப்பை முடித்தார்கள்.

பார்க்கக் கொடுத்து வைக்காமல் போன அப்பா, தாத்தாக்களின் கல்லறைகளுக்கு ரெட் சாக்ஸ் கொடியோடு போய் வந்த ரசிகர்கள் ஏராளம்.

இதில் ரூத் செய்தது என்ன? அவர் பந்து வீசினார், அடித்தார், ஜெயித்தார். எந்த அணிக்கு என்பதை முடிவு செய்யும் உரிமை அவரிடம் இல்லை. கடன்பட்ட முதலாளியும் பணக்கார முதலாளியும் போட்ட கணக்குக்கு, ஒரு நகரத்தின் ரசிகர்கள் நான்கு தலைமுறையாக வட்டி கட்டினார்கள். பழி மட்டும் விற்கப்பட்டவர் பெயரில் விழுந்தது.

சரி, சிமென்ட்டில் புதைத்த அந்த ஜெர்சி? அதைத் தோண்டி எடுத்த பிறகு, 2009-ல் யாங்கீஸ் புது ஸ்டேடியத்தில் ஆடத் தொடங்கியது. முதல் சீசனிலேயே சாம்பியன்! நல்லவேளை எடுத்தோம் என்று நியூயார்க் ரசிகர்கள் இன்றும் சொல்லலாம். எடுத்திருக்கவே கூடாது என்று பாஸ்டன் ரசிகர்கள் சொல்லலாம். இந்தச் சண்டை இப்போதைக்கு ஓயாது.